எட்டில் ஆறு

அன்புள்ள ஐயா,

1985-86 ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்தை நீங்கள் ஒருமுறை புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். அதனால் அதன் இறுதிப்போட்டியை முழுக்கப் பார்த்தேன். 120 நிமிடம், ஒரு கோல் இல்லை. பெனால்டி ஷூட் அவுட்டில் பார்சிலோனா நான்கு பெனால்டியையும் தவறவிட்டது, ருமேனியாவின் ஸ்டெயாவா புகாரெஸ்ட் அதிர்ஷ்டத்தில் ஜெயித்தது. அந்த வருடம் இங்கிலாந்து அணிகளும் இல்லை. இது எப்படிப் பெரிய சீசன்? பெனால்டிக்குப் பதில் முன்போல மறுஆட்டம் வைத்தால் என்ன?

கதிர்

அன்புள்ள கதிர்,

2024 டிசம்பரில் ஸ்டெயாவாவின் கோல்கீப்பர் ஹெல்முட் டுக்கடாம் இறந்த செய்தி வந்த இரவு, அந்த ஷூட் அவுட்டை மறுபடி போட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்தே எழுத நினைத்துத் தள்ளிக்கொண்டே போனது. உங்கள் கடிதத்தில் உள்ள ஒரு சொல் இப்போது உட்கார வைத்துவிட்டது.

மறுஆட்டம் வைக்கலாம். 1974 இறுதிப்போட்டி 1-1 என்று முடிந்து, இரண்டு நாள் கழித்து நடந்த மறுஆட்டத்தில் பயர்ன் மியூனிக் அத்லெடிகோ மாட்ரிட்டை 4-0 என்று வென்றது. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

இங்கிலாந்து அணிகள் ஏன் இல்லை என்று நீங்கள் எழுதவில்லை. 1985 மே 29, பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் இங்கிலாந்து அணி ரசிகர்களின் கலவரத்தில் 39 பேர் செத்துப்போனார்கள். தடை அதனால் வந்தது. சாம்பியனான எவர்டனுக்கு வாய்ப்பு போனது வருத்தம்தான். ஆனால் அந்த 39 பேரை விட்டுவிட்டு, கோப்பையின் மதிப்புக் குறைந்தது என்று மட்டும் எழுதாதீர்கள். அப்புறம், முந்தைய வருடம் கோப்பை வென்ற யுவெண்டஸை வெளியே அனுப்பித்தான் பார்சிலோனா இறுதிக்கு வந்தது. ஸ்டெயாவாவும் சும்மா வரவில்லை. அரையிறுதியில் பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட் அணியிடம் அங்கே 1-0 என்று தோற்று, புகாரெஸ்ட்டில் 3-0 என்று திருப்பிக் கொடுத்தது.

சரி, அந்தச் சொல்லுக்கு வருகிறேன். "தவறவிட்டது."

பந்து கம்பத்துக்கு வெளியே போனால் தவறவிட்டது என்று சொல்லுங்கள். மேலே பறந்தாலும் சொல்லுங்கள். 1986 மே 7, செவில்லாவில் அலெக்ஸாங்கோ, பெட்ராசா, பிச்சி அலோன்சோ, மார்க்கோஸ் ஆகிய நால்வர் அடித்ததும் கோலை நோக்கித்தான் போனது. நான்கையும் ஒருவர் பாய்ந்து தடுத்தார். பிச்சி அலோன்சோ அரையிறுதியில் கோதென்பர்க் அணிக்கு எதிராக மூன்று கோல் அடித்தவர், பதறுகிற ஆள் இல்லை. டுக்கடாம் முதல் மூன்று முறையும் தன் வலப்பக்கம் பாய்ந்தார். இவர் மறுபடியும் அங்கேதான் போவார் என்று மார்க்கோஸ் நம்பியிருக்க வேண்டும், மறுபக்கம் அடித்தார். டுக்கடாம் அங்கே போய்க் காத்திருந்தார். இதையா அதிர்ஷ்டம் என்கிறீர்கள்? கோல் போட்டால் போட்டவன் பெயர், போடாவிட்டாலும் அவன் பெயர். நடுவில் விழுந்து கிடப்பவனுக்கு ஒரு வினைச்சொல்கூட நாம் தருவதில்லை.

பள்ளியில் நான் கோல்கீப்பர். ஒரு போட்டியின் கடைசி நிமிடத்தில் வந்த பெனால்டியைத் தடுத்தேன். விரல் பிசகி மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தேன். மறுநாள் காலைக் கூட்டத்தில், "எதிரணி பெனால்டியைக் கோட்டைவிட்டதால் நாம் வென்றோம்" என்று வாசித்தார்கள். கட்டுப்போட்ட கையோடு வரிசையில் நின்று அதைக் கேட்டேன். இன்றும் மறக்கவில்லை.

அந்த இறுதிப்போட்டி முடிந்து சில வாரங்களில் டுக்கடாமின் கையில் ரத்தம் உறைந்தது. அப்போது வயது 27. பெரிய ஆட்டங்கள் அத்தோடு முடிந்தன. பின்னாளில் ஆராட் ஊரில் ஒரு சிறிய அணிக்கு ஆடினார். அவர் கையை ருமேனிய ஆட்சியாளர்கள் உடைத்தார்கள் என்றொரு கதை உண்டு. அவரே அதை மறுத்தார்.

உங்கள் மேல் கோபம் இல்லை, கதிர். 120 நிமிடமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள், அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். இன்னொரு முறை ஷூட் அவுட்டை மட்டும் பாருங்கள், அடிப்பவரைப் பார்க்காமல். ஸ்டெயாவாவின் முதல் இரண்டு பந்துகளையும் பார்சிலோனாவின் கோல்கீப்பர் உர்ருத்தி தடுத்திருக்கிறார். அடித்தது எட்டு, தடுத்தது ஆறு. உர்ருத்தியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை; பார்த்துவிட்டு அவரைப் பற்றி எனக்கு எழுதுங்கள்.