எல்லாரும் ‘ஒகேனக்கல் தண்ணிதான்’ என்கிறாங்க, பிள்ளைகள் பல்லில் மட்டும் கறை

குழுக் கலந்துரையாடலை நிறுத்திட்டு வீடு வீடாப் போங்க. தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் எல்லாரும் குழாயில் வரும் ஒகேனக்கல் திட்டத் தண்ணிதான் குடிக்கிறோம்னு ஒரே பதில் சொல்றதாவும், பிள்ளைகள் பல்லில் மட்டும் ஃப்ளோரைடு கறை இருக்கிறதாவும் எழுதியிருக்கீங்க. ஊராட்சி ஆள் பக்கத்தில் நிற்க, பத்துப் பேர் நடுவில் கேட்டால் வேறென்ன சொல்வாங்க?

"என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்ற கேள்வியே சிக்கலா இருக்கலாம். குடிப்பது குழாய்த் தண்ணியாகவே இருக்கட்டும். களி கிண்டுவது எதில்? டீ? காட்டு வேலைக்குப் போனால்? குழாய் வராத நாளில்? இப்படி ஏதாவது ஒன்றில் ஃப்ளோரைடு உள்ள போர் தண்ணி (ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணி) உள்ளே போகலாம். "நேத்து காலையில இருந்து சொல்லுங்கக்கா" என்று ஆரம்பிச்சு, எந்தக் குடத்திலிருந்து உலைக்கு ஊத்துறாங்கன்னு கண்ணால் பாருங்க. கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

பிறகு அந்த போர் தண்ணியைச் சோதனைக்குக் கொடுங்க. வேறு வழியே இல்லாத இடத்திலும் லிட்டருக்கு 1.5 மி.கி. ஃப்ளோரைடுதான் உச்ச வரம்பு.

ஒன்று மட்டும் கவனம்: பல் கறை இன்றைய தண்ணியைக் காட்டாது. நிலையான பல் ஈறுக்குள் உருவாகும் சின்ன வயதில் உள்ளே போனதன் தடம் அது. 12 வயதுப் பிள்ளையின் பல்லைப் பார்த்து, அம்மா பொய் சொல்றாங்கன்னு அறிக்கையில் எழுதிடாதீங்க.