ஜெர்மனியில் ஓ பேர்: ஞாயிற்றுக்கிழமை யாரோடு பேசுவது?

2017இல் ஓ பேராக, அதாவது ஒரு குடும்பத்தோடு தங்கிக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே மொழியும் கற்பவராக வந்து, டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஒரு வருடம் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். அப்புறம் நர்சிங் படித்து இங்கேயே தங்கிவிட்டேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்த வரையில் பதில்.

கேள்வி (திருச்சி): அக்கா, ஓ பேர் என்றால் வேலைக்காரிதானே என்கிறார் அப்பா. என்ன சொல்ல?

பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கே 'சமமாக' என்றுதான் பொருள். நாளுக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வாரத்தில் ஒன்றரை நாள் விடுப்பு உண்டு. தனி அறை, சாப்பாடு, காப்பீடு எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. கைச்செலவுக்கு மாதம் 280 யூரோவும், மொழி வகுப்புக்கு 70 யூரோவும் தருவார்கள். இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லுங்கள். கூடவே, இது சம்பளம் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். ஊருக்குப் பணம் அனுப்பலாம் என்று கணக்குப் போட்டு வந்தவர்கள் நொந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (ஹனோவர்): வந்து மூன்று வாரம். நல்ல குடும்பம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அழுகை வருகிறது.

எனக்கும் வந்தது. நம் ஊரில் ஞாயிறு என்றால் கறிக்கடையில் கூட்டம், சொந்தக்காரர் யாராவது வாசலில். இங்கே கடைகளெல்லாம் அடைப்பு, தெருவில் ஈ காக்கை இருக்காது. நவம்பர் என்றால் நாலரை மணிக்கே இருட்டு. அந்த நேரத்தில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டால் அழுகை இரண்டு வீட்டிலும் நடக்கும். காலையிலேயே பேசிவிட்டு வெளியே கிளம்புங்கள். மாதம் 63 யூரோ ஜெர்மனி டிக்கெட் இருந்தால் வட்டார ரயில், பஸ் எதில் வேண்டுமானாலும் ஏறலாம். சில குடும்பங்கள் வாங்கித் தருவார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி (ஸ்டுட்கார்ட்): வகுப்பில் எல்லோரும் சிரித்துப் பேசுகிறார்கள். ஆனால் மூன்று மாதமாகியும் யாரும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. என்னைப் பிடிக்கவில்லையா?

அப்படியில்லை. நாம் பஸ்ஸில் அரை மணி நேரம் பேசியவரையும் ஃப்ரெண்ட் என்போம். இவர்களுக்கு அவர் 'பெகான்டர்', தெரிந்தவர், அவ்வளவுதான். 'ஃப்ராயிண்ட்' என்ற சொல்லை அளந்துதான் கொடுப்பார்கள். தெரிந்தவர் நண்பராக ஒரு வருடம்கூட ஆகும்.

ஒரே இடத்துக்கு, ஒரே கிழமையில், விடாமல் போவதுதான் வழி. முதல் நாள் போய் எல்லோரிடமும் கலகலவென்று பேசி ஒரு பயனும் இல்லை. நான் செவ்வாய்தோறும் ஒரு தேவாலயப் பாடகர் குழுவுக்குப் போனேன். பாட்டு சுமார்தான். ஏழாவது வாரம் காய்ச்சல் என்று போகவில்லை, எட்டாவது வாரம் ஒரு பாட்டி, "போன வாரம் ஏன் வரவில்லை?" என்றார். அன்றைக்குத்தான் இந்த ஊரில் என்னையும் ஒருவர் தேடுகிறார் என்று தெரிந்தது. ஊருக்கு ஊர் 'ஃபெரைன்' எனும் சங்கங்கள் இருக்கும்: வாலிபால், தோட்டம், நடனம், எதுவானாலும். நூலகத்தில் மொழி கஃபே, அதாவது ஜெர்மன் பேசிப் பழகக் கூடும் கூட்டம், நடக்கிறதா என்றும் பாருங்கள். இன்னொன்று, அவர்கள் கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே, "சனிக்கிழமை 3 மணிக்கு காபி குடிக்கலாமா?" என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். 'ஒரு நாள் பார்ப்போம்' என்றால் அந்த நாள் வராது. பிறந்தநாள் வாழ்த்தை மட்டும் முந்தின நாளே சொல்லிவிடாதீர்கள், அபசகுனம் என்பார்கள்.

கேள்வி (கோவை): ராத்திரி ரொட்டியும் சீஸும்தானாமே?

ஆமாம், ஆறு ஏழு மணிக்கு, ஆறிப்போன சாப்பாடு. வாரம் ஒரு நாள் நான் சமைக்கிறேன் என்று கேளுங்கள். மிளகாயைக் குறைத்து எலுமிச்சை சாதம் செய்தால் குழந்தைகள் தட்டை வழித்துவிடும்.

கேள்வி (எஸ்ஸன்): தமிழர்களோடு பழகினால் ஜெர்மன் வராது என்கிறார்களே?

மாதம் ஒரு நாள் பழகினால் மொழி எங்கேயும் ஓடிவிடாது. உங்களுக்கு ஹம் நகரம் பக்கம். அங்கே ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, 2002இல் குடமுழுக்கு நடந்தது. கோடை தொடங்கும்போது தேர் இழுப்பார்கள். பெரும்பாலும் ஈழத்துக் குடும்பங்கள். "கதைக்கலாமா?" என்றால் கதை சொல்லக் கூப்பிடவில்லை, பேசலாமா என்கிறார்கள்!

கேள்வி (ஊர் வேண்டாம்): தினமும் எட்டு மணி நேரம் வேலை. வீடு முழுக்கத் துடைக்கச் சொல்கிறார்கள். எதிர்த்துப் பேசினால் விசா போய்விடுமா?

மணிக்கணக்கை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். ஒப்பந்தத்தை மேசையில் வைத்து ஒருமுறை பேசுங்கள். மாறவில்லை என்றால் உங்களை அந்தக் குடும்பத்தில் சேர்த்துவிட்ட ஏஜென்சியிடம் சொல்லுங்கள். வெளிநாட்டினர் அலுவலகத்துக்குத் தெரிவித்து, மீதி மாதங்களுக்கு வேறு குடும்பத்துக்கு மாறலாம். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்க வேண்டாம். மிரட்டல், கைநீட்டல் என்று போனால் 116 016 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பெண்களுக்கான உதவி எண், இலவசம், இரவு பகல் எந்நேரமும், பல மொழிகளில் பேசுவார்கள்.

கேள்வி (மதுரை): நான் பேசும் ஜெர்மனைக் கேட்டுக் குழந்தை சிரித்தால்?

சிரிக்கட்டும். எங்கள் வீட்டு ஐந்து வயதுக்காரன் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் டெர், டி, டாஸை நான் மாற்றிச் சொன்னால் அபராதமாக ஒரு ஜெல்லி மிட்டாய் கேட்பான். முதல் மாதம் வாரம் இரண்டு பாக்கெட் வாங்கினேன். ஆறாவது மாதம் ஒரு பாக்கெட்டே தீரவில்லை. அவனுக்குத்தான் வருத்தம்.