காலத்துக்குமான வீடு

அன்புள்ள ஐயா,

பத்து வருடச் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து வீடு வாங்கப் போகிறோம். இன்னொரு முறை வாங்க எங்களுக்குத் தெம்பு இருக்காது. இரண்டு வீடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று நகருக்கு வெளியே. புதியது, படுக்கையறை நான்கும் மாடியில், மரம் வைக்க இடமுண்டு. ஆனால் அலுவலகமும் பள்ளியும் ஒரு மணி நேரத் தூரம். மற்றது பழைய வீடு, தரைத்தளம், மூன்று அறைகள். எங்கே போனாலும் பதினைந்து நிமிடம். மகனுக்கு 6 வயது, மகளுக்கு 3, மாமியாருக்கு 66. கணவருக்குப் பெரிய வீட்டின்மேல் ஆசை. காலத்துக்கும் இருக்கப்போகிற வீடு என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

வாசகி (பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள வாசகிக்கு,

‘காலத்துக்கும்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, பதினைந்து வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் வீட்டிலுள்ள எல்லோருடைய வயதையும் எழுதி, பக்கத்திலேயே பதினைந்தைக் கூட்டி எழுதுங்கள். மகனுக்கு 21, மகளுக்கு 18, மாமியாருக்கு 81. வீடு இந்த இரண்டாவது வரிசைக்கும் பொருந்த வேண்டும்.

அந்தத் தாளை வைத்து நான்காவது அறையைப் பாருங்கள். மகன் பதினொரு வயதில் தனியறை கேட்பான். பதினெட்டில் படிக்கவோ வேலைக்கோ வெளியே போகக்கூடும். அப்படியானால் அந்த அறை உண்மையாகத் தேவைப்படுவது ஏழு வருடம். மாடிப்படியோ முதல் நாளிலிருந்தே இருக்கும், உங்கள் மாமியாருக்கு ஒவ்வொரு வருடமும் உயர்ந்துகொண்டே போகும். பழைய வீட்டின் கூடத்தில் ஒரு பகுதியைத் தடுத்து அறையாக்க முடியுமா, சன்னலும் காற்றும் கிடைக்குமா என்று ஒரு கட்டுமானப் பொறியாளரிடம் கேளுங்கள். முடியுமென்றால் அந்த ஏழு வருடத்தையும் அங்கேயே கடந்துவிடலாம்.

அடுத்தது தூரம். எனக்கு இதுதான் பெரிய விஷயம். போக முக்கால் மணி, வர முக்கால் மணி கூடுதல். ஆண்டுக்கு 240 வேலை நாட்கள் என்றால் 360 மணி நேரம். பதினைந்து வருடத்தில் 5,400 மணி. தூக்கம் போக ஒரு நாளுக்கு 16 மணி நேரம் என்று கணக்கிட்டால் 337 நாட்கள். நீங்கள் விழித்திருக்கும் ஒரு வருடம் கிட்டத்தட்ட முழுதாகச் சாலையில் போய்விடுகிறது. உங்கள் கணவருக்கும் அப்படியே. அதுவும் பிள்ளைகள் தூங்குவதற்கு முன்னால் மிஞ்சும் மாலை நேரத்திலிருந்துதான் போகிறது. மரம் வைக்க ஆசைப்படும் மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மரத்தடியில் உட்கார அவருக்கு வேளை வாய்க்குமா என்று இருவரும் சேர்ந்து பேசுங்கள்.

கடனைப் பற்றிச் சுருக்கமாக. 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால், முதல் தவணையில் ஆறில் ஐந்து பங்கு வட்டிக்கே போகும். ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் அசலில் நூற்றுக்குப் பதினொன்றுதான் குறைந்திருக்கும். பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம் என்பது அவ்வளவு எளிதல்ல. இருவரில் ஒருவர் சம்பளம் ஆறு மாதம் நின்றாலும் தவணை தவறாத அளவுக்கு மட்டும் கடன் வாங்குங்கள்.

என் சாய்வு பழைய வீட்டின் பக்கம் என்பது தெரிந்திருக்கும். ஆனால் பழைய வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வாங்கக் கூடாது. நான் அப்படித்தான் வாங்கினேன், ஒரு வெயில் காலத்துக் காலைநேரத்தில். ஓர் அறையில் மட்டும் வண்ணம் புதிதாக இருந்தது. பராமரிப்பு என்று நினைத்துக்கொண்டேன். முதல் மழை முடிந்ததும் முழங்கால் உயரத்துக்குச் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தது. நிலத்து ஈரம் செங்கல் வழியே ஏறி வந்து காயும்போது விட்டுப்போகும் உப்பு அது. எத்தனை முறை வண்ணம் அடித்தாலும் அடியில் ஈரம் ஏறுவதைத் தடுக்காதவரை திரும்பத் திரும்ப வரும். அந்த அறையில்தான் என் அம்மா படுத்திருந்தார். அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஆகவே கீழ்ப்பகுதிச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள். பூச்சில் முடி போல ஓடும் கீறலுக்குப் பயப்பட வேண்டாம். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக, சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு விரிசல் இருந்தால் அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். பொறியாளர் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மாலை நான்கு மணிக்கு ஒருமுறை போங்கள். மேற்கு வெயில் தாழ்வாக வருவதால் சன்னலுக்கு மேலுள்ள சிறு கூரை அதை மறைக்காது. பகலில் சூடேறிய சுவர் இரவிலும் வெப்பத்தை வெளியே விடும். இரவு பத்து மணிக்கு ஒருமுறை, சத்தம் கேட்க. கனமழை பெய்யும்போது கட்டாயம் ஒருமுறை போய், தெருவில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். பத்திரங்களை உங்களுக்கென்று நீங்களே அமர்த்திய வழக்கறிஞர் பார்க்கட்டும்.

உங்கள் கடிதத்தில் கணவரின் ஆசை இருக்கிறது, உங்கள் பயம் இருக்கிறது. மாமியார் என்ன சொன்னார் என்று இல்லை. அவரையும் இரண்டு வீட்டுக்கும் அழைத்துப் போங்கள். படுக்கப்போகும் அறையிலிருந்து குளியலறைக்கு அவரே நடந்து பார்க்கட்டும். கையோடு அளவு நாடா எடுத்துச் செல்லுங்கள். சக்கர நாற்காலி நுழையக் கதவுத் திறப்பு குறைந்தது 82 சென்டிமீட்டர் வேண்டும். குளியலறைக் கதவுகள்தான் பெரும்பாலும் குறுகலாக இருக்கும். அப்படி இருந்தால், குடிபோவதற்கு முன்பே அகலப்படுத்திவிடுங்கள்.

அன்புடன்