பம்பைப் பிரிக்கும் முன்னே: பழைய வண்டி கேள்வி–பதில்

கேள்வி: பழைய டீசல் ஜீப் வைத்திருக்கிறேன். ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் செல்ஃப் அடித்தால் உடனே பிடிக்கிறது. பத்து எண்ணுவதற்குள் அணைந்துவிடுகிறது. கை பம்பை முப்பது, நாற்பது தடவை அடித்தால்தான் மறுபடி ஓடுகிறது. அப்புறம் நாள் முழுக்கத் தொல்லையில்லை. டீசல் எங்கும் ஒழுகவில்லை. பம்பை இறக்கி ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்கிறார்கள். செய்யலாமா?
— வாசகர், பென்னாகரம்

பதில்: தயவுசெய்து இப்போது செய்யாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் அத்தனையும் ‘ஏர் எடுக்கிறது’, அதாவது டீசல் வரும் பாதையில் காற்று புகுகிறது என்றுதான் சொல்கின்றன. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களுக்கு அழுத்தத்தோடு டீசல் அனுப்பும் பெரிய பம்ப் தேய்ந்திருந்தால் காலையில் பிடித்த உடனே அணையாது; ஓடத் தொடங்கிய பிறகு நாள் முழுக்க ஒழுங்காகவும் இருக்காது.

நடப்பது இதுதான். டீசல் டேங்க் பம்பைவிடத் தாழ்வாக இருக்கிறது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (பெரிய பம்புக்கு டீசலை இழுத்துத் தரும் சிறு பம்ப்) வரை வரும் குழாயில் டீசலை உறிஞ்சித்தான் ஏற்ற வேண்டும். அந்தப் பாதையில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் ராத்திரியில் காற்று உள்ளே புகுந்து, குழாயில் நிற்கும் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். ஃபில்டரிலும் பம்பிலும் மிச்சமிருக்கும் டீசலில் இன்ஜின் சில வினாடி ஓடும், தீர்ந்ததும் அணையும். உறிஞ்சும் பக்கத்து ஓட்டை காற்றை உள்ளே இழுக்குமே தவிர டீசலை வெளியே விடாது. ஒழுகலைத் தேடினால் கிடைக்காததற்குக் காரணம் அதுதான்.

சோதிக்க ஐந்து லிட்டர் கேன் ஒன்று போதும். சுத்தமான டீசல் ஊற்றி, பம்பைவிட உயரமான இடத்தில் ஆடாமல் கட்டுங்கள். ஃபீட் பம்புக்கு வரும் டேங்க் குழாயைக் கழற்றி முனையை அடைத்துவிட்டு, கேனிலிருந்து ஒரு ஹோஸை ஃபீட் பம்பில் மாட்டுங்கள். கை பம்ப் அடித்து உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்றி, ஐந்து நிமிடம் ஓட்டி, அப்படியே ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் முதல் அடியில் பிடித்து நிற்காமல் ஓடினால் பெரிய பம்பின் மேல் குற்றமில்லை. கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில்தான்.

அந்தப் பாதையில் முதலில் பார்க்க வேண்டியது, டேங்க் முனையில் இருக்கும் ரப்பர் ஹோஸ். கிளிப்பைக் கழற்றி ஹோஸை விரலால் வளைத்துப் பாருங்கள். கிளிப் கடித்த தடத்தில் முடிபோல வெடிப்பு தெரியும். வெளியே பளபளவென்று இருக்கும் ஹோஸில்கூட இந்த வெடிப்பு இருக்கும். அடுத்தது, குழாயை இணைக்கும் பேஞ்சோ போல்ட்டின் இருபக்க வாஷர்கள். பழைய காப்பர் வாஷரை அப்படியே மாட்டினால் உட்காராது. புதிது போடுங்கள், கிடைக்காவிட்டால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெதுவாகும். வாஷர் உட்காரவில்லை என்று போல்ட்டை முறுக்கிக்கொண்டே போகாதீர்கள். உள்ளே துளை உள்ள போல்ட் அது, சட்டென்று முறியும். மூன்றாவது, கண்ணாடிக் கிண்ணம் வைத்த முன் ஃபில்டரின் கேஸ்கெட். நான்காவது, சேஸிஸ் கிளாம்ப்புக்கு அடியில் துருப்பிடித்த இரும்புக் குழாய். கை பம்பின் குமிழை அடித்து முடித்ததும் திருகி இறுக்காமல் விட்டால் அதன் வழியாகவே ஏர் எடுக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

எந்த இடம் என்று பிடிபடாவிட்டால், ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு அடி நீளத்துக்கு டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் ஹோஸை மாட்டி இன்ஜினை ஓடவிடுங்கள். குமிழி வருவது கண்ணுக்கே தெரியும். ஹோஸை டேங்க் பக்கமாக ஒவ்வொரு இணைப்புக்குப் பின்னாலும் மாற்றி மாற்றி வையுங்கள். குமிழி நின்ற இடத்துக்கும் வந்த இடத்துக்கும் நடுவில் ஓட்டை.

கேன் வைத்தும் காலையில் அணைந்தால்? அப்போது ஃபீட் பம்பின் இரண்டு வால்வுகளையும் பாருங்கள். ஒரு தூசு சிக்கியிருந்தாலே டீசல் பின்னால் இறங்கும். பம்பின் ரிட்டர்ன் பக்கம் இருக்கும் ஓவர்ஃப்ளோ வால்வின் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கலாம். இரண்டும் பம்பை இறக்காமலே மாற்றக்கூடியவை.

எதைக் கழற்றி மாட்டினாலும் காற்றை வெளியேற்றும் வரிசை மாறக்கூடாது. முதலில் ஃபில்டர் தலையில் உள்ள ஸ்குரூ, பிறகு பம்பில் உள்ள ஸ்குரூ. நுரை போய் கெட்டியான டீசல் வரும்போதே, வழிந்துகொண்டிருக்கையிலேயே இறுக்க வேண்டும். கடைசியாக இரண்டு நாசில் குழாய்களின் நட்டை அரைச் சுற்று தளர்த்திச் செல்ஃப் அடித்து, டீசல் எட்டிப் பார்த்ததும் இறுக்குங்கள். நாசில் குழாயில் வரும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும் அளவு அழுத்தம் உடையது. கையை அருகே கொண்டுபோகாதீர்கள். தோலில் பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: அம்பாசடர் டீசல். ஊருக்குள் நன்றாக ஓடுகிறது. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் பிக்கப் செத்துவிடுகிறது. ஓரம் கட்டிப் பத்து நிமிடம் நின்றால் சரியாகிறது.
— வாசகர், நல்லம்பள்ளி

பதில்: அடுத்த முறை பிக்கப் போகும்போது கூட வருபவரைப் பின்னால் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். புகையே இல்லாமல் இழுவை போனால் இன்ஜினுக்கு டீசல் போதவில்லை. கரும்புகையோடு போனால் டீசல் போகிறது, காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். கிரானைட் லாரி ஓடும் சாலையில் போய்வரும் வண்டிக்கு, புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திருக்கக் கூடாது.

நின்றால் சரியாகிறது என்று எழுதியிருப்பதால் எங்கள் சந்தேகம் டேங்க் மூடியின் மேல். டீசல் குறையக் குறைய உள்ளே காற்று போக வழி வேண்டும். அந்தச் சிறு துளை அடைத்துக்கொண்டால் டேங்கில் வெற்றிடம் சேர்ந்து, ஏற்றத்தில் ஃபீட் பம்ப் இழுக்க முடியாமல் திணறும். வண்டியை நிறுத்திய கையோடு மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் காரணம் கிடைத்துவிட்டது. இழுக்காவிட்டால் ஃபில்டர், அதற்கடுத்து டேங்குக்குள் இருக்கும் சல்லடை. டேங்கின் அடிமண் ஓடும்போது சல்லடையில் போய் அப்பும், நின்றால் கீழே உதிரும்.

இன்னொன்றும் செய்யுங்கள்: ஒருவர் ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்க, பம்பின் லீவர் கடைசி ஸ்குரூவைத் தொடுகிறதா என்று பாருங்கள். ராடோ கேபிளோ தளர்ந்து, லீவர் முக்கால் தூரத்திலேயே நிற்கும் வண்டிகள் நிறைய. சீல் வைத்த ஸ்குரூவை மட்டும் யாரையும் திருக விடாதீர்கள்.

ஃபில்டர் மாற்றியபின் ஃபீட் பம்பின் கை லீவர் அசைந்தும் டீசல் ஏறாவிட்டால் பயப்படாதீர்கள். ஃபீட் பம்பைத் தள்ளும் கேம் உச்சியில் நிற்கும்போது லீவருக்கு வேலை இருக்காது. இன்ஜினை ஒரு சுற்று சுற்றிவிட்டு அடியுங்கள்.

கேள்வி: மார்கழிக் குளிரில் வண்டி பிடிக்க நேரமாகிறது, இரண்டு நிமிடம் வெள்ளைப் புகையும் நடுக்கமும். டீசலில் மண்ணெண்ணெய் கலக்கச் சொல்கிறார்கள்.
— வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: கலக்காதீர்கள். உங்கள் பக்கத்துக் குளிரில் டீசல் உறையாது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க வருவது 10 பி.பி.எம். கந்தகம் உள்ள பி.எஸ்.6 டீசல். இதன் வழவழப்பே மருந்து சேர்த்துக் கொண்டுவரப்படுவது. மண்ணெண்ணெய் அதைக் குறைக்கும். பம்பில் நாசில் குழாய்கள் வட்டமாக நின்றால் அது ரோட்டரி பம்ப். அதற்கு டீசலைத் தவிர வேறு ஆயில் கிடையாது. குழாய்கள் ஒரே வரிசையில் நிற்கும் இன்லைன் பம்பின் கேம் பக்கத்துக்கு ஆயில் உண்டு. டீசலை அழுத்தும் அதன் பிளஞ்சர்களுக்கும் டீசல்தான் வழுக்கு.

வெள்ளைப் புகை என்பது எரியாத டீசல். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜின் என்றால் பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து 12 வோல்ட் டெஸ்ட் பல்பை ஒவ்வொரு பிளக்கிலும் தொட்டுப் பாருங்கள். எரியாத பல்பு செத்த பிளக்கைக் காட்டும். எல்லாம் எரிந்தால், ஐடிலிங்கில் நாசில் நட்டுகளைத் துணி சுற்றி ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தினால் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டரின் நாசிலைக் கழற்றி டெஸ்டரில் வையுங்கள். தனி அறையில் டீசல் எரியும் பழைய இன்ஜின்களில் நாசில் திறக்கும் அழுத்தம் பெரும்பாலும் 115 முதல் 135 பார். உங்கள் வண்டிக்கு உரிய எண்ணைக் கையேட்டில் பார்த்துச் சொல்லி அமைக்கச் சொல்லுங்கள். திரும்ப மாட்டும்போது அடி வாஷர் புதிதாக இருக்க வேண்டும்.

கேள்வி: குளிர்ந்திருந்தால் உடனே பிடிக்கிறது. சூடானபின் நிறுத்தினால் பிடிப்பதில்லை. ரோட்டரி பம்ப்.
— வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: பம்பைச் சந்தேகிக்க வேண்டிய நோய் இதுதான். உள்ளே தேய்மானம் இருந்தால், சூட்டில் நீர்த்துப்போன டீசல் இடுக்கு வழியே கசிந்துவிடும். செல்ஃப் சுற்றும் வேகத்தில் நாசிலைத் திறக்கும் அழுத்தம் வராது. உறுதிசெய்ய, பிடிக்காமல் நிற்கும்போது நனைத்த துணியைப் பம்பின் தலையில் பத்து, பதினைந்து நிமிடம் போட்டு வையுங்கள். அதன்பின் பிடித்தால் பம்பை இறக்கி, பம்பை ஓட்டி அளந்து பார்க்கும் காலிபரேஷன் பெஞ்ச் உள்ள கடையில் கொடுங்கள். இன்ஜின் ஓடும்போது ஈரத்துணி போடக்கூடாது.

கேள்வி: 1980களின் பெட்ரோல் பென்ஸ் 230இ, கே-ஜெட்ரானிக் இன்ஜெக்ஷன். இதிலும் சூட்டில் ஸ்டார்ட்டிங் தொல்லை. இதற்கும் ஈரத்துணிதானா?
— வாசகர், ஓசூர்

பதில்: இல்லை, இது பெட்ரோலை அழுத்தத்தில் இடைவிடாமல் பீய்ச்சும் வேறு முறை. இன்ஜினை நிறுத்திய பிறகும் லைனில் அழுத்தம் நிற்க வேண்டும்; இறங்கிவிட்டால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகும். ஃப்யூயல் பம்ப் ரிலேயைக் கழற்றி, பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் இரு முனைகளை ஃப்யூஸ் வைத்த ஒயரால் பத்து வினாடி இணையுங்கள்; பிறகு ரிலேயை மறுபடி மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் அழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம். அந்தப் பத்து வினாடியில், காற்று நுழையும் வழியில் இருக்கும் காற்றுத் தட்டை அசைத்துவிடாதீர்கள். சிலிண்டருக்குள் பெட்ரோல் கொட்டும்.

கேஜ் வைத்தால் ஓடும்போது சிஸ்டம் பிரஷர் ஐந்து பாரை ஒட்டி இருக்கும். நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து இரண்டரை பார் அளவில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் முதலில் பம்ப் வாயில் திருகியிருக்கும் செக் வால்வு. அது தனியாகவே மாற்றக்கூடியது. அடுத்து, லைனில் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் அக்யுமுலேட்டர்: அதன் பின்பக்கச் சிறு ஹோஸைக் கழற்றினால் பெட்ரோல் வரக்கூடாது, வந்தால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அதற்கும் பிறகே கோல்ட் ஸ்டார்ட் வால்வும் இன்ஜெக்டர்களும் சொட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தினால் சிலிண்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் ஃப்யூயல் டிஸ்ட்ரிபியூட்டரின் பிளஞ்சர் துருவேறிச் சிக்கும். வாரம் ஒருமுறையாவது சூடாகும்வரை ஓட்டுங்கள். பழைய ரப்பர் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். இந்த வேலைகளை வெளிக்காற்றில், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பம்பை ஓட்டிப் பார்க்கும் சோதனைகளுக்கு மட்டும் பேட்டரியை மாட்டினால் போதும்.