தரங்கம்பாடில யாரு பாடுறா?

அன்புள்ள அக்காவுக்கு,
தரங்கம்பாடி கோட்டைய ரீல்ஸ் எடுத்து 'பாடும் அலைகளின் ஊர்'னு போட்டேன். தரங்கம் சமஸ்கிருதம், பழைய பேரு சடங்கன்பாடி, அதத்தான் திரும்ப வைக்கணும்னு கமெண்ட்ல சண்டை. டிரான்குபார்ங்கற இங்கிலீஷ் பேரு நம்மள கேவலப்படுத்தற பேருன்னும் சொல்றாங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?

அன்புள்ள தம்பி,

டிரான்குபார்ல கேவலம் ஒண்ணும் இல்ல. 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு வந்த டேனிஷ்காரன் வாய்க்கு டிரான்கெபார்னுதான் வந்துச்சு, 1845ல விலைக்கு வாங்கின இங்கிலீஷ்காரனும் அதையே வச்சுக்கிட்டான், அவ்ளோதான். பேர மாத்தற சண்டைய கமெண்ட்ல இருக்கறவங்களே போட்டுக்கட்டும்.

எனக்கு கோவம் உங்க 'பாடும் அலைகள்' மேலதான். தரங்கம்னா அலை, சரி. பாடும்ங்கறது எங்கேர்ந்து வந்துச்சு? பாடின்னா சனம் குடியிருக்கற எடம் தம்பி. ஆயர்பாடின்னா ஆயர் இருந்த ஊரு. காட்பாடி, வாணியம்பாடி எல்லாம் பாடுதா? மாயவரம் பக்கத்துலயே எதிர்கொள்பாடி இருக்கு, தேவாரப் பாட்டு பெற்ற ஊரு. சென்னையில வில்லிவாக்கத்த தாண்டினா வெறும் பாடின்னே ஒரு ஊரு. இவ்ளோ ஊர்லயும் குடியிருப்பு, இங்க மட்டும் பாட்டா? கடற்கரைல இருக்கே மாசிலாமணிநாதர் கோயில், 1306 வாக்குல குலசேகர பாண்டியன் காலத்துல கட்டினது, அங்க கல்வெட்டுல சடங்கன்பாடின்னு இருக்கு. அலையே இல்லாத அந்தப் பேர்லயும் பாடி இருக்குல்ல? பேரோட முன்பாதிதான் மாறுச்சு, பாடி மாறல.

எங்க பெரியம்மா வாக்கப்பட்ட ஊரு அது. லீவுல மாயவரத்துல பஸ் ஏறினா செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர்னு கண்டக்டர் கத்திக்கிட்டே வருவார், எறங்கி தெருவுல கால் வைக்கறப்பவே கருவாட்டு வாசம். பெரியம்மா ஒருநாளும் அலை பாடுதுன்னு சொன்னதில்ல, "கடல் இரையுது, கதவ சாத்து"ன்னுதான் சொல்லும். 2004 சுனாமிக்கப்புறம் ராத்திரி காத்து கொஞ்சம் தூக்கலா அடிச்சாலே எழுந்து வாசல்ல உக்காந்துடும். சனத்த குறிக்கற சொல்ல எடுத்து கடலுக்கு பாட்டா குடுத்தா, அங்க இருந்த சனம் எங்க போச்சு? டூரிஸ்ட் போர்டுல எழுதறவங்க எழுதட்டும், நீங்க ஏன் தம்பி யோசிக்காம எடுத்து போடுறீங்க?

கோட்டைய மட்டும் எடுத்துட்டு அந்தக் கோயில விட்டுட்டீங்க. பாதி கடலுக்குள்ள போனது போக மிச்சம் இருக்கறத அடுத்த தடவ போய் எடுங்க. இப்போதைக்கு அந்த வரிய மட்டும் தூக்கிடுங்க, வீடியோ நல்லாத்தான் இருக்கு.

அன்புடன்,
அக்கா