கொடைக்கானல் ஏற்றத்துக்கு 60 சதவீத சார்ஜ் போதுமா?

நண்பரே, 30 யூனிட் பேட்டரி உள்ள மின்சாரக் காரில் 60 சதவீதத்தோடு வத்தலக்குண்டிலிருந்து ஏறி, விடுதியில் ராத்திரி 100 ஆக்கிக்கொண்டு, வட்டக்கானல் நடை முடிந்து இறங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். 60-இல் ஏறுவது, 100 ஆக்கி இறங்குவது, இரண்டுமே வேண்டாம்.

ஆட்களோடு 1,900 கிலோ வண்டியை 1,800 மீட்டர் மேலே தூக்கவே 9 யூனிட்டுக்கு மேல் ஆகும். மோட்டார் இழப்பு, சாலை உராய்வு சேர்ந்தால் 16-ஐத் தொடும். உங்களிடம் இருப்பதோ 18; வழியில் பெருமாள்மலையில் வண்டிகள் தேங்கி நின்றால் பதைபதைப்புதான். 85 சதவீதத்துக்குக் குறையாமல் கிளம்புங்கள்.

மேலே 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு 3 யூனிட்தான் ஏறும். 75 சதவீதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். நிரம்பிய பேட்டரி ரீஜெனை, அதாவது இறக்கத்தில் மோட்டாரே வேகத்தைக் குறைத்துத் திருப்பித் தரும் மின்சாரத்தை, ஏற்காது. கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கையே மிதித்து, பிரேக் பேட் சூடேறிப் பிடிப்பு குறையும். எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டவே வேண்டாம், பிளக் கருகிவிடும்.