கடன் கவலை, தூக்கம், ஒட்டுறவு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தங்கச்சிமடம் மாணவி: மீனவர் குடும்பங்களில் கடன் கவலைக்கும் தூக்கத்துக்கும் ஒட்டுறவு -0.42 வந்திருக்கிறது. கடன்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று எழுதலாமா?

வேண்டாம். ஒட்டுறவு (correlation) என்பது இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று -1 முதல் 1 வரை சொல்லும் எண். உங்கள் தரவில் கவலை மதிப்பெண் கூடியவர்களுக்குத் தூக்க மதிப்பெண் பொதுவாகக் குறைவு. மைனஸ் குறி அதை மட்டுமே சொல்கிறது. சரியாகத் தூங்காதவருக்குச் சின்னக் கடனும் மலைப்பாகத் தெரியலாமே! இரண்டுக்கும் பின்னால் மூன்றாவது ஒன்றும் இருக்கலாம். கடலுக்குப் போனவரை எல்லை தாண்டியதாகப் பிடித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இருக்கும் வீட்டில், தூக்கமும் போகும், படகுக் கடன் பற்றிய கவலையும் ஏறும். அந்தப் பயத்தையும் கேட்டு அளந்திருக்கிறீர்களா?

0.42-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 0.18 வரும். தூக்க மதிப்பெண்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் சுமார் 18 சதவீதம் கவலையோடு சேர்ந்து போகிறது என்று அர்த்தம். உளவியலில் இது சின்ன எண் இல்லை. ஆனாலும் மீதி 82 சதவீதம் வெளியே நிற்கிறது. இந்த மக்களைப் பற்றி நாம் எழுதுவதை வைத்து நாளை ஒரு திட்டம் போடப்படலாம். அதனால்தான் காரணம் சொல்லும் இடத்தில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறேன்.

மண்டபம் வாசகர்: மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக் குடும்பங்களிடம் இதே சர்வே எடுத்தேன். ஒட்டுறவு 0-ஐ ஒட்டியே வருகிறது. தொடர்பே இல்லையா?

அவசரப்பட வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில். அப்போது அநேகமாக எல்லா வீட்டிலும் கவலை உச்சத்தில் இருக்கும். எல்லாரும் ஒரே மட்டத்தில் நெருங்கி நின்றால், உண்மையிலேயே தொடர்பு இருந்தாலும் கெழு, அதாவது ஒட்டுறவு எண், சுருங்கிவிடும். தடை பொருந்தாத நாட்டுப்படகு வீடுகளையும் சேருங்கள். ஜூன் கடந்து மறுபடியும் கேளுங்கள்.

அப்புறம், ஒவ்வொருவரின் இரண்டு மதிப்பெண்களையும் ஒரு புள்ளியாக வைக்கும் சிதறல் படம் வரைந்தே ஆக வேண்டும். வழக்கமாகக் கணக்கிடும் பியர்சன் கெழு நேர்கோட்டுத் தொடர்பைத்தான் அளக்கும்; புள்ளிகள் வளைந்து போனால் அதைப் பிடிக்காது. 1973-இல் புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம் காட்டிய நான்கு தரவுத் தொகுப்புகளிலும் ஒட்டுறவு 0.816தான். வரைந்து பார்த்தால் நான்கும் நான்கு விதம்.

கீழக்கரை மாணவர்: 20 பேரிடம் 0.40 வந்தது; முக்கியத்துவம் இல்லை என்கிறது மென்பொருள்.

முக்கியத்துவம் என்று மென்பொருள் பார்ப்பது, உண்மையில் தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு பெரிய எண் வரும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதை. 20 பேர் என்றால் ஏறத்தாழ 0.44-ஐத் தொட்டால்தான் அந்த அளவில் தேறும். 100 பேர் என்றால் 0.20 போதும். தொடர்பு எவ்வளவு வலுவானது என்பது வேறு கேள்வி. இன்னும் ஆள் சேருங்கள்.

தொண்டி வாசகர்: பதில்கள் 'குறைவு, நடுத்தரம், அதிகம்' போல வரிசைப்படுத்த மட்டுமே முடிகிற தர எண்களாக இருந்தால்?

மதிப்பெண்களுக்குப் பதிலாக அவற்றின் தர வரிசையை வைத்துக் கணக்கிடும் ஸ்பியர்மேன் தர ஒட்டுறவைப் பயன்படுத்துங்கள்.